அரைகுறையாகத் தெரிந்தவர் பதில் சொல்லலாமா?

சில வருஷங்களுக்கு முன் ஒரு லினக்ஸ் உதவிக் குழுவில் நான் எழுதிய ஒரு பதில் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அப்போது உபுண்டு பழக ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருக்கும். வாடகை சர்வர் ஒன்றில் சொந்தமாக வலைத்தளம் வைத்திருந்த ஒருவர், படம் ஏற்றப் போனால் 'பெர்மிஷன் டினைடு' என்று வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். எனக்கும் அதற்கு முந்தின வாரம்தான் அதே செய்தி வந்திருந்தது. எங்கோ பார்த்து 'சிஎச்மாட் 777' என்று போட்டேன், சரியாகிவிட்டது. ஆகவே அவருக்கும் அதையே எழுதினேன். கூடவே, உள்ளே இருக்கிற எல்லா ஃபோல்டருக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், சூடோ வைத்துப் போடுங்கள் என்று இரண்டு உபரி யோசனைகள் வேறு.

எந்த ஃபோல்டருக்குப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. அவர் மொத்த சிஸ்டத்தின் உச்சியான ரூட்டுக்கே போட்டுவிட்டார்.

லினக்ஸ் பழகாதவர்களுக்காக ஒரு வரி: 777 என்றால் அந்த ஃபைலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், இயக்கலாம். வாசல் கதவு, பீரோ, லாக்கர் எல்லாவற்றையும் திறந்து போட்ட மாதிரி. வேடிக்கை என்னவென்றால், இப்படி எல்லாவற்றையும் திறந்துவிட்டால் லினக்ஸ் உங்களையே வெளியே நிறுத்திவிடும். சூடோ வேலை செய்ய அந்த ஃபைலின் மேல் ஒரு சிறப்பு அனுமதிக் குறி இருக்க வேண்டும். 777 அதை அழித்துவிடுகிறது. தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சோ, உங்கள் ஃபோல்டரில் கண்டவர்களும் எழுதலாம் என்று இருந்தால் உங்கள் சாவியை ஏற்க மறுத்துவிடும்.

"சார், இப்ப உள்ளயே போக முடியல சார்" என்று மறுநாள் எழுதியிருந்தார். என்னைவிட வயதில் பெரியவர் என்பது அவர் எழுத்திலேயே தெரியும். ஆனாலும் பதில் சொன்னவன் என்பதால் நான் 'சார்' ஆகிவிட்டேன். குழுவில் மூத்தவர் ஒருவர் வந்து, சர்வரை முதலிலிருந்து மறுபடி நிறுவுவதுதான் வழி என்று அவருக்குச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து ஒரே வரி எழுதினார்: "தெரியலன்னா சும்மா இருங்க தம்பி."

சும்மா இருந்தேன். ஏறக்குறைய இரண்டு வருஷம்.

அந்த மூத்தவர் சொன்னது சரியா என்பதுதான் இந்தக் கட்டுரை. தொடக்கக்காரர்கள் ஒருவர் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லலாமா, கூடாதா? இதில் இணையத்தில் ரொம்ப நாளாக இரண்டு கட்சி உண்டு.

முதல் கட்சிக்காரர்கள் கையில் எடுப்பது எரிக் ரேமண்ட் எழுதிய, புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி என்ற பழைய கையேட்டை. 2001 வாக்கில் வந்தது. 'போய் மேனுவலைப் படி' வகை ஆட்களின் வேதம் என்றே சொல்லலாம். கேட்பவரை அதட்டுவதற்குத்தான் அதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதன் கடைசிப் பகுதியில் பதில் சொல்பவருக்கும் புத்திமதி இருக்கிறது: உறுதியாகத் தெரியாவிட்டால் அதைச் சொல்லிவிடு, அதிகாரத் தொனியில் வரும் தப்பான பதிலைவிட பதிலே இல்லாதது மேல். இதில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்பாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். 'சொல்லிவிடு' என்றால் வாயை மூடு என்று பொருள் இல்லையே.

இரண்டாவது கட்சிக்கு கேத்தி சியெரா. 'ஹெட் ஃபர்ஸ்ட் ஜாவா' புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஜாவாராஞ்ச் என்ற ஜாவா உதவித் தளத்தைத் தொடங்கியவரும் அவரே. 2006-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் சாரம் இது: முட்டாள்தனமான கேள்வி என்று எதுவும் கிடையாது என்று எல்லாக் குழுவும் சொல்கிறது, அது போதாது, முட்டாள்தனமான பதில் என்று எதுவும் கிடையாது என்றும் சொல்லுங்கள். புதியவர்கள் கேட்பதோடு நின்றுவிட்டால், பதில் சொல்கிற கொஞ்சம் நிபுணர்கள் களைத்துப் போவார்கள், குழு செத்துவிடும். கற்றுக்கொள்ளும்போதே பதில் சொல்லவும் ஆரம்பிக்க வேண்டும். ஊகமாகச் சொல்வதும் பரவாயில்லை, ஊகம் என்று ஒப்புக்கொண்டால் சரி.

எதிரெதிர்க் கட்சிகள் என்று நாம் நினைக்கிற இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள். உறுதியில்லை என்றால் உறுதியில்லை என்று சொல். எனக்கு இரண்டு பேரிடமும் உள்ள பிணக்கு இங்கேதான். ஆனால் அதற்கு முன், தொடக்கக்காரர் எதற்குத் தேவை என்பதைப் பார்த்துவிடுவோம். ஏதோ அவர்களும் பாவம், பழகட்டும் என்று நாம் தருகிற சலுகை அல்ல அது.

ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் 1990-ல் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் செய்த ஒரு சோதனை பிரபலமானது. ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மேஜையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள், பாதிப் பாட்டாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். தட்டப்பட்டவை 120 பாட்டு, கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. தட்டுகிறவர் மண்டைக்குள் முழு இசையும் ஓடுகிறது. எதிராளிக்குக் கேட்பது வெறும் டொக் டொக். தெரிந்தவருக்குத் தெரியாத நிலை எப்படி இருக்கும் என்பது மறந்துபோகிறது.

நிபுணர்கள் தொடக்கக்காரருக்கு எழுதும் பதில்களில் பாதி இந்த டொக் டொக்தான். ஓர் உதாரணம். லினக்ஸ் கட்டளைகளை எழுதும்போது அனுபவசாலிகள் வரியின் முதலில் ஒரு டாலர் குறி போடுவார்கள். அது 'இங்கே தட்டச்சு செய்' என்பதற்கான அடையாளம், கட்டளையின் பகுதி அல்ல. இதை எந்த நிபுணரும் விளக்குவதில்லை. அது அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. புதியவர் அந்த டாலரையும் சேர்த்து நகலெடுத்து ஒட்டுவார். 'கட்டளை காணப்படவில்லை' என்று வரும். நிபுணர் வந்து, பாத் சரியாக இருக்கிறதா, எந்த வெர்ஷன், எந்த ஷெல் என்று விசாரணை நடத்திக்கொண்டிருப்பார். போன வாரம் அதே தப்பைச் செய்த ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்: "அந்த டாலர எடுத்துட்டுப் போடுங்க."

இன்னொன்று டெர்மினலில் பாஸ்வேர்ட். தட்டினால் திரையில் எதுவும் தெரியாது, புள்ளிகூட விழாது. 'கீபோர்டு கெட்டுப்போச்சா' என்று பதறாத புதியவர் இல்லை. இந்தக் கேள்வியின் பதற்றத்தை இருபது வருஷம் லினக்ஸில் இருப்பவரால் உணர முடியாது. சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்காமலே போனவர்கள் எத்தனை பேர்!

பிள்ளையை வைத்தே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் யோசனைக்கு நம் ஊரிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். மணலில் விரலால் எழுதிப் பழகும் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து, தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. கடைசியில் எட்டு வயதை ஒட்டிய ஒரு பையனைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக உட்கார வைத்தார். பெரியவர்களால் ஆகாதது அவனால் ஆயிற்று. 1797-ல் இதைப் புத்தகமாக்கி லண்டனில் வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் அங்கே அதேபோன்ற ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். இங்கிலாந்து முழுக்க 'மெட்ராஸ் முறை' பரவியது. பெல்லின் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளி இருக்கிறது. நம் திண்ணைப் பள்ளிக்கூடச் சட்டாம்பிள்ளையை நினைத்துக்கொண்டால் போதும், விஷயம் புரிந்துவிடும்.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்திப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பிற்பகுதியும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த முறை செல்வாக்கிழந்தது. எழுத்து, கணக்கு வாய்ப்பாடு என்பதைத் தாண்டிச் சட்டாம்பிள்ளைகளால் போக முடியவில்லை, மனப்பாடம்தான் மிஞ்சுகிறது என்ற புகார் வலுத்தது. 1846-ல் இங்கிலாந்து அரசு, சம்பளத்தோடு பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் என்ற ஏற்பாட்டுக்கு மாறியது.

எழுத்துக்கு ஏன் ஒத்துவந்தது, மற்றதற்கு ஏன் இல்லை? எனக்குத் தோன்றுவது இதுதான். மணலில் எழுதிய எழுத்து சரியா தப்பா என்பது பார்த்தாலே தெரியும். சொல்லிக்கொடுக்கிற பையனுக்கு அரைகுறையாகத் தெரிந்தாலும், தப்பு உடனே அம்பலமாகிவிடும். டாலர் குறி, பாஸ்வேர்ட் கேள்விகள் இந்த வகை. எடுத்துப் பார்த்தால் வேலை செய்யும் அல்லது செய்யாது. தப்பான பதிலால் போவது இரண்டு நிமிஷம்.

777 வேறு வகை. அந்தப் பெரியவர் ரூட்டுக்குப் பதிலாகச் சரியான ஃபோல்டருக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைப்பதுண்டு. படம் ஏறியிருக்கும். "ரொம்ப நன்றி சார்" என்று எழுதியிருப்பார். நான் இன்னும் பத்துப் பேருக்கு அதையே சொல்லியிருப்பேன். அந்தப் பத்து சர்வரிலும் கதவு திறந்தே கிடந்திருக்கும். அதாவது என் பதில் சேதம் செய்ததால்தான் மாட்டினேன். 'வேலை செய்திருந்தால்' இன்னும் பெரிய சேதம். அனுமதி, பாஸ்வேர்ட் சேமிப்பு, என்க்ரிப்ஷன், பேக்கப், டேட்டாபேஸ் அழிப்பது இதிலெல்லாம் தப்பு தன்னைக் காட்டிக்கொள்ளாது.

ஜெர்மன் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று 13 லட்சம் ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தது. அவற்றில் 15.4 சதவீதத்தில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து எடுத்த பாதுகாப்பு சம்பந்தப்பட்ட நிரல் துண்டுகள் இருந்தன. அந்தச் செயலிகளில் 97.9 சதவீதத்தில் குறைந்தது ஒரு துண்டாவது பாதுகாப்பற்றது. இந்த எண்ணை எடுத்து, பார்த்தீர்களா, கற்றுக்குட்டிகளைப் பதில் சொல்ல விட்டதன் விளைவு என்று சிலர் எழுதுகிறார்கள். ஆய்வு சொல்வது அதுவல்ல. பதிலை யார் எழுதினார் என்பதை அல்ல, எது நகலெடுக்கப்பட்டது என்பதைத்தான் அது எண்ணியது. பெரிய கைகளும் தப்புவதில்லை. பைட் எண்ணிக்கையைக் கேபி, எம்பி என்று மனிதர் படிக்கிற மாதிரி மாற்றும் ஒரு ஜாவாத் துண்டு 2010-ல் அதே தளத்தில் வந்தது. எழுதியவர் அங்கே முன்னணிப் பதிலாளர்களில் ஒருவர். அங்கிருந்து அதிகம் நகலெடுக்கப்பட்ட ஜாவாப் பதில் அதுதான் என்று 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகுதான், 2019-ல், எழுதியவரே அதில் பிழை இருப்பதாக அறிவித்தார்: 9,99,999 பைட் கொடுத்தால் 1.0 எம்பி என்று வராமல் 1000.0 கேபி என்று வரும். ஒன்பது வருஷம் அது யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை.

ஆக, யார் பதில் சொன்னார் என்பதைவிட, தப்பு வந்தால் அதைப் பிடிக்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்பது முக்கியமாகிறது. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வகுப்பில் மாணவர்களையே ஒருவருக்கொருவர் விளக்கச் சொல்லி ஒரு பாடமுறையை உருவாக்கினார். 2009-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தார் சயன்ஸ் இதழில் எழுதியது இன்னும் வியப்பானது: பேசிக்கொண்ட குழுவில் ஒருவருக்குக்கூட முதலில் சரியான விடை தெரியாதபோதும், பேசிய பிறகு புரிதல் கூடியிருந்தது. இரண்டாவது கட்சியினர் இதை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். எனக்கும் பிடித்த ஆய்வுதான். ஆனால் அந்த வகுப்பறையில் இருந்த ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பேச்சு முடிந்ததும் முன்னால் ஒரு ஆசிரியர் நிற்கிறார். சரியான விடை என்ன என்று கடைசியில் தெரிந்துவிடும். இணையத்தில் அந்த மணி அடிப்பதில்லை. தப்பான பேச்சு அப்படியே உறைந்து, ஐந்து வருஷம் கழித்துத் தேடுகிறவர் முன் விடையாக வந்து நிற்கும்.

இப்போது என் பிணக்குக்கு வருகிறேன். 'உறுதியில்லை' என்று ஒப்புக்கொண்டால் போதும் என்கிறார்கள் ரேமண்டும் சியெராவும். போதாது. நான் அன்றைக்கு "எனக்கு சரியாத் தெரியல, இதப் போட்டுப் பாருங்க" என்று எழுதியிருந்தாலும் அந்தப் பெரியவர் போட்டிருப்பார். அவசரத்தில் இருப்பவர் கண் கட்டளை வரிக்குத்தான் போகும். முன்னால் இருக்கும் அடக்கமெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் 'நிகழும் மங்களகரமான' மாதிரி, யாரும் படிப்பதில்லை. அது எழுதியவரைக் காப்பாற்றலாம், படித்தவரைக் காப்பாற்றாது.

தொடக்கக்காரர் சொல்லக்கூடியதும் சொல்ல வேண்டியதும் வேறொன்று. நடந்ததைச் சொல்வது. "எனக்கும் போன வாரம் இதே செய்தி வந்தது. உபுண்டு 18.04, என் சொந்த லேப்டாப், அதில் வேறு யாரும் இல்லை. அப்லோட்ஸ் என்ற ஒரு ஃபோல்டருக்கு மட்டும் 777 போட்டேன். படம் ஏறியது. ஏன் ஏறியது என்று தெரியாது." இப்படி நான் எழுதியிருந்தால்? முதலில், எது எங்கே என்ற விவரம் தானாகவே உள்ளே வந்திருக்கும், ஏனென்றால் நடந்த கதையை இடம் சொல்லாமல் சொல்ல முடியாது. இரண்டாவது, சொந்த லேப்டாப் என்பதைப் பார்த்ததும் அந்தப் பெரியவரே, நம்முடையது சர்வராச்சே என்று ஒரு கணம் நின்றிருக்கலாம். மூன்றாவது, குழுவின் மூத்தவர் என்னைத் திட்ட வேண்டிய அவசியமே இருந்திருக்காது. நடந்ததைத்தானே சொல்கிறான். "தம்பி, அது ஏன் வேலை செஞ்சுதுன்னா..." என்று தொடங்கியிருப்பார். சாட்சி சொல்கிறவன் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. போடுங்கள், செய்யுங்கள் என்ற ஏவல் வினையில் நான் எழுதியதுதான் என்னை 'சார்' ஆக்கியது.

கஷ்டம் என்னவென்றால், இணையத்தின் மிகப் பெரிய கேள்வி பதில் தளங்களில் ஒன்று இதற்கு நேர் எதிராகக் கட்டப்பட்டது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கணக்கு தொடங்கிய முதல் நாளே, ஒரே ஒரு புள்ளி வைத்திருக்கும்போதே, பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் எழுதலாம். ஆனால் மற்றவர் பதிவின் கீழே ஒரு சின்னக் கமெண்ட் போட 50 புள்ளி வேண்டும். 'எனக்கும் இப்படி ஆச்சு, நான் இதைப் பார்த்தேன்' என்பது கமெண்டுக்கு உரிய விஷயம். அதை விடைப் பெட்டியில் போட்டால், இது விடை அல்ல என்று நீக்கிவிடுவார்கள். ஆக, புதியவருக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு நிபுணர் மாதிரிப் பேசுவது. சாட்சிக் கூண்டைப் பூட்டிவிட்டு நீதிபதி நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறார்கள். போதாததற்கு முதலில் வரும் பதிலுக்கே ஓட்டு அதிகம் விழும். அங்கே இதை, வேகமாகத் துப்பாக்கி எடுப்பவன் ஜெயிக்கும் கௌபாய் படத்தோடு ஒப்பிட்டுக் கிண்டல் செய்வார்கள். பிறகு, கற்றுக்குட்டிகள் அதிகாரமாகப் பேசுகிறார்கள் என்று அலுத்துக்கொள்வது என்ன நியாயம்?

இப்போது இன்னொரு பதிலாளர் வந்துவிட்டார். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. டிசம்பர் முதல் வாரத்திலேயே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதன் பதில்களைத் தடை செய்தது. பார்வைக்குச் சரியாக இருக்கின்றன, அடிக்கடி தப்பாக இருக்கின்றன, எழுதுவது சுலபம் என்பது காரணம். புதியவர்கள் பலர் இப்போது குழுவுக்கு வராமல் நேராக அங்கேதான் கேட்கிறார்கள். யாரும் சிரிக்காத இடம் என்பதால் எனக்கு அவர்கள் மேல் வருத்தமில்லை. ஆனால் தொடக்கக்காரரின் தப்பில் தட்டுத்தடுமாறலாவது இருக்கும், படிப்பவர் உஷாராகலாம். இயந்திரத்தின் தப்பு இஸ்திரி போட்ட சட்டையோடு வருகிறது. போன வாரம் தன் லேப்டாப்பில் என்ன நடந்தது என்று அதனால் சொல்ல முடியாது. அதற்குப் போன வாரமே கிடையாது.

அந்த மூத்தவரிடம் பின்னாளில் நேரில் ஒருமுறை இதைக் கேட்டேன். அவருக்கு நினைவே இல்லை. "அப்படியா சொன்னேன்? அன்னிக்கு அந்த மாதிரி நாலஞ்சு பேரு வந்திருப்பாங்கப்பா" என்றார். அது உண்மையாகவும் இருக்கும். திருத்துகிறவரின் களைப்பு இந்த விவாதத்தில் யாரும் கணக்கில் எடுக்காத செலவு. ஒரு தப்பான பதிலை எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. அதை அவிழ்க்க அவருக்கு ஒரு சாயங்காலம் போயிருக்கும். சியெரா, தப்பான பதிலைச் சொன்னவரின் மானம் போகாமல் திருத்த மூத்தவர்களைப் பழக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நல்ல யோசனை. அதோடு, திருத்துவதற்கு எளிதான வடிவில் எழுதப் புதியவரையும் பழக்க வேண்டாமா?

இப்போது நான் இருக்கும் சின்னக் குழுவில் ஒரே ஒரு ஏற்பாடு செய்து பார்த்தோம். யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர்கள், தாங்கள் செய்து பார்த்ததை மட்டும், எந்த மெஷினில் என்பதோடு எழுத வேண்டும். அனுமதி, அழிப்பு, பாஸ்வேர்ட் சம்பந்தப்பட்ட கட்டளை என்றால் பழையவர் ஒருவர் 'பார்த்தேன்' என்று போடும்வரை கேட்டவர் காத்திருக்க வேண்டும். எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பழையவர்களே மீறுகிறார்கள், அவர்களுக்குத்தான் 'செய்து பார்த்தேன்' என்று எழுதக் கூச்சம்.

போன மாதம் ஒரு பெண், டெர்மினல் பாஸ்வேர்டை வாங்கவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். நான் விளக்கம் தட்டிக்கொண்டிருக்கும்போதே, சேர்ந்து பத்து நாள் ஆன ஒரு கல்லூரிப் பையன் முந்திக்கொண்டான்: "அக்கா, எனக்கும் ஒண்ணுமே தெரியல, கீபோர்ட மாத்திக்கூடப் பார்த்தேன். தெரியாட்டியும் அது வாங்கிக்குது. முழுசா அடிச்சுட்டு என்டர் தட்டினேன், போயிருச்சு." நான் தட்டியதை அழித்துவிட்டேன்.